நீலத் தொட்டியில் ஒரு வீடு

என் மாமியார் சூசையம்மா சாலையோரம் வந்து நிற்பார். இடுப்பில் கஞ்சிக் கலயம். தலைக்கு மேல் கம்பி ஒடிந்த கறுப்புக் குடை. நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

"ஏ சவரி! கஞ்சி வந்திருக்கு. வந்து வாங்கிக்க!"

சாலைக்கும் எங்கள் மனைக்கும் நடுவே இடிந்த மதில் ஒன்று கிடந்தது. முழங்கால் உயரம்கூட இராது. ஆடு தாண்டும், கோழி தாண்டும். அத்தை மட்டும் தாண்ட மாட்டார். என் கணவர் சவரிமுத்து உடம்பெல்லாம் சுண்ணாம்போடு வெளியே போய், சாலையில் குந்தி உட்கார்ந்து கஞ்சியைக் குடித்துவிட்டு வருவார்.

அவர் குடித்து முடிக்கும்வரை அத்தை சும்மா இருக்க மாட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எங்களை மேய்ப்பார்.

"அந்த ஆலங்கன்ன வேரோட புடுங்கு தெரேசு! வெட்டி வுட்டா மறுபடியும் தழைக்கும்." இது எனக்கு.

"கொத்தனாரே, சாந்து தண்ணியா இருக்கே!"

கொத்தனார் முனியனுக்குப் பொறுக்காது. "உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லுங்க ஆத்தா."

"நீ கொழைக்கிற லட்சணத்தப் பாக்க உள்ள வேற வரணுமா?"

காலி கலயத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தை அறுவடை முடிந்த நாளிலிருந்து இப்படித்தான். கட்டுகிறவர்கள் நாங்கள், வேடிக்கை பார்ப்பது ஊர், ஏவுவது அத்தை. ஆனால் அந்த மண்ணில் அவர் கால் வைக்கவில்லை.

யாருக்கும் வேண்டாத இடம்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. திருமானூருக்கு வடக்கே எங்கள் ஊர். கொள்ளிடத்துத் தண்ணீர் பாயும் வயல்கள் தெற்கே நின்றுவிடும். எங்கள் பக்கம் கம்பும் சோளமும் முந்திரியும்தான். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் காரை வீடே கிடையாது. எங்கள் ஆட்கள் காரை வீட்டுக்குக் கல் சுமந்திருக்கிறார்கள், குடியிருந்ததில்லை.

ஊரைத் தாண்டி அரியலூர்ச் சாலையில் போனால் 'துரைத் தொட்டி' என்று ஒரு பாழடைந்த பண்ணை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் அங்கே அவுரிச் சாயம் எடுத்தானாம். அவுரி, முழங்கால் உயரச் செடி. தழையை வெட்டி மேல் தொட்டியில் ஊறப்போடுவார்கள். அது அழுகி நாறியதும் தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்கு இறக்குவார்கள். அதில் ஆட்கள் இறங்கி நின்று துடுப்பால் அடித்து அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். படிந்ததைக் காய்ச்சி, பிழிந்து, கட்டிகளாக வெட்டிக் காயவைத்துக் கப்பலேற்றுவார்கள். சீமையிலேயே சாயத்தை மருந்து கலந்து செய்யக் கற்றுக்கொண்டதும் பண்ணை படுத்துவிட்டது.

பிறகு அந்த இடம் யார் யாரோ கை மாறி, திருச்சியில் இருந்த ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பார்த்ததுகூட இல்லை. பட்டாளத்தில் சேர்த்த பணத்தோடு என் கணவர் போய்க் கேட்டபோது, "அத வச்சு என்ன பண்ணுவ?" என்று மட்டும் கேட்டாராம்.

"குடியிருப்பேங்க."

"பாம்புதான் குடியிருக்கு."

"கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்றேங்க."

பெரியவர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுப்பு எரியுது, கண்ணு எரியல

பாழடைந்த பண்ணையில் வீடு கட்டும் புத்தி எங்கிருந்து வந்தது என்றால், இத்தாலியிலிருந்து வந்தது.

என் கணவர் பட்டாளத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்தவர். ஒரு குளிர்காலம் முழுக்க, பெயர் வாயில் நுழையாத ஒரு மலையூரில் தங்கியிருந்தார்கள். இவர் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்துவிட்டு அந்த ஊர் அம்மாள் ஒருத்தி, "உள்ளே வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாளாம். உள்ளே போனால் அது வீடு இல்லை, பழைய மாட்டுக் கொட்டகை. குண்டு விழுந்து வீடு போனபின் குடும்பமே அங்கே மாறியிருந்தது. வெள்ளையடித்து, சுவரை உடைத்து ஜன்னல் வைத்து, அடுப்புக்குமேல் புகைபோக்கி கட்டி, ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்களாம்.

ஊர் திரும்பிய நாளிலிருந்து இவருக்கு அதே பேச்சு. எங்கள் கூரை வீட்டில் நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதாங்குழலோடு போராடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்வார்: "அங்க அடுப்பு எரியுது, கண்ணு எரியல தெரேசு!"

"அப்ப அங்கேயே இருந்திருக்கலாமே!" என்பேன். கோபம் எனக்குப் புகைமேல்.

ஒருநாள் காலையில் என்னைத் துரைத் தொட்டிக்கு அழைத்துப் போனார். முள்ளை விலக்கி விலக்கி நடந்தோம். கடைசியில் ஒரு நீளக் கூடம். நீலக் கட்டிகளைக் காயவைத்த இடம். கூரை போய்விட்டது, நான்கு சுவரும் நின்றன. காற்று நுழைவதற்காகச் சுவர் நெடுகச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு துளையிலும் காலை வெயில் நுழைந்து, தரையெல்லாம் அச்சு வெல்லம் பரப்பி வைத்தாற்போல் கிடந்தது. அடிச்சுவர்க் கற்களில் நத்தையும் சிப்பியும் பதிந்திருந்தன. எங்கள் பக்கத்துக் கல் அப்படித்தான். எந்தக் காலத்துக் கடலோ!

நான் அந்த வெளிச்சத்தில் கையை வைத்துப் பார்த்தேன். கை வெல்ல நிறமாகிவிட்டது.

"என்ன சொல்ற?" என்றார்.

"புள்ளைங்க எங்க படுக்கும்?" என்றேன்.

சம்மதம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மீன் கழுவிய கை

இத்தனையும் அத்தைக்குத் தெரியாமல் நடந்தது. ஆத்தாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று இவர் மறைத்து வைத்திருந்தார். பத்திரம் முடிந்து வந்த அன்று அத்தை வாசலில் கெண்டை மீன் உரசிக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, இனிமே நாம காரை வூட்டுல இருக்கப் போறோம். துரைத் தொட்டிய வாங்கிட்டேன்."

அத்தை கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டார். கையைக் கழுவினார். எழுந்து நின்று, "அந்த மண்ண நான் மிதிக்க மாட்டேன். நீங்க போங்க" என்றார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மீனை நான்தான் முடித்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, ஆற்றில் துணி துவைக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"எங்காத்தா அந்தத் தொட்டியில நின்னவ, புள்ள. பொழுது விடிஞ்சா எறங்குவா, பொழுது சாஞ்சா ஏறுவா. முட்டிக்குக் கீழ நீலம். என்ன தேய்ச்சாலும் போவாது. கோயிலுக்குப் போனா எல்லாரும் கால பாப்பாங்க. நான் பொறந்த ஊருல எங்க வூட்டுக்கே 'நீலக்கால் வூடு'ன்னு பேரு. என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பகூட எங்க மாமனாரு மொதல்ல என் காலத்தான் பாத்தாரு."

இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்கு இது தெரியாது. பெற்ற மகனுக்கும் தெரியாது.

இவரிடம் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வித்துடலாம் தெரேசு" என்றார். "பட்டாளத்துல இருந்த வருசமெல்லாம் ஆத்தா தனியா கெடந்துச்சு. இப்ப அத வுட்டுட்டு நாம மட்டும் போறதா? திருச்சியில ரயில்வேல ஆள் எடுக்குறாங்களாம். அங்க போயிடலாம்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு அந்தக் கூடம் வேண்டும். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் கண் விழிக்க வேண்டும். புகை இல்லாமல் ஒரு நாளாவது நான் குழம்பு வைக்க வேண்டும். நானும் மனுஷிதானே!

"மழைக்காலம் வரைக்கும் பாப்போம்" என்றேன். "அத்த வரலன்னா வித்துட்டு நீங்க சொல்ற ஊருக்கு வரேன். அதுவரைக்கும் கட்டுவோம்."

அத்தையிடமும் ஒளிக்காமல் சொன்னேன். "கட்டுங்க, கட்டுங்க. யாரு வாணாம்னது?" என்றார். மறுநாள் பகலில் கஞ்சிக் கலயத்தோடு சாலையில் வந்து நின்றார்.

தண்ணீர் மேலேயிருந்து வரும்

வேலை தொடங்கியதும் அந்தப் பண்ணை என்னை வாய் பிளக்க வைத்தது. அதைக் கட்டியவன் சாயத்துக்காகத்தான் கட்டினான். ஆனால் வீட்டுக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது.

சாயம் காய்ச்சிய அறையில் புகைபோக்கி நின்றது. உச்சியில் காக்கைக் கூடு. அதைத் தட்டிவிட்டு, கீழே அடுப்பு மூட்டிப் பார்த்தோம். புகை ஒரு மயிரிழைகூடக் கீழே திரும்பவில்லை. நான் முந்தானையில் முகம் துடைக்க வேலையே இல்லாமல் நின்றேன். அதுதான் சமையலறை என்று அன்றே முடிவாயிற்று. நீளக் கூடத்தை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதிக்கு ஓடு போட்டோம்.

கிணற்றங்கரையில் மாடு கட்டி நீர் இறைக்கிற கமலை மேடு இருந்தது. அங்கிருந்து மேல் தொட்டிக்கு ஒரு காரை வாய்க்கால். மேல் தொட்டி ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த இவர் திடீரென்று கத்தினார்: "தெரேசு! தண்ணி மேலேருந்து வரும்!"

கிணற்றில் இறைத்து மேல் தொட்டியை நிரப்பிவிட்டால், அடியில் இரும்புக் குழாய் வைத்து அடுப்படிக்கும் குளிக்கிற இடத்துக்கும் தண்ணீர் கொண்டுபோகலாம். திருகினால் கொட்டும். டவுனில் பெரிய வக்கீல் வீடுகளில் இருப்பதுபோல!

சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடான காலம். இன்று எங்கள் அரியலூரில் சிமென்ட் ஆலைச் சங்கு ஊதித்தான் பொழுது விடிகிறது. அன்று ஒரு மூட்டைக்குத் தாலுகா ஆபீஸில் காத்துக் கிடக்க வேண்டும். சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. காளவாயில் சுட்டு, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்தோம். குழாய்க்குத்தான் வழியில்லை. நல்லவேளை, திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். இவர் போய்க் குழாய்களை எடுத்து, அரியலூர் வரை ரயிலிலும் பிறகு கட்டை வண்டியிலும் ஏற்றி வந்தார். ஊர்ப் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடி ஓடிக் குழாய்க்குள் 'ஊ' என்று கத்தினார்கள். மாடு மிரண்டு வண்டி ஒரு முறை முந்திரித் தோப்புக்குள்ளேயே போய்விட்டது.

வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் என்று இவர் சொன்னபோதுதான் சாலையிலிருந்து பெரிய சத்தம் வந்தது.

"சோறு தின்ற வூட்டுக்குள்ளயா? அட கர்த்தரே! பட்டாளத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தானுவளா?"

"மழையில, ராத்திரியில, பொம்பளைங்க எங்க போறது ஆத்தா?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். "கெழக்கு மூலையில வையி. காத்து அந்தப் பக்கந்தான் போவும்" என்றார். வராத வீட்டுக்கு இடம் குறித்துக் கொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

கோடை முழுக்கக் கிணறு தூர் வாரினோம். உடைந்த பானை, மரக்கிளை, ஒரு வண்டிச் சக்கரம், எத்தனையோ கூடைச் சேறு. கடைசியில் ஊற்றுக்கண் திறந்து குளிர்ந்த தண்ணீர் முனியனின் கணுக்காலைத் தொட்டபோது, கிணற்றுக்குள்ளிருந்து அவர் பாடிய பாட்டு இப்போதும் என் காதில் இருக்கிறது. பாட்டு சுமார்தான். சந்தோஷம் பெரிது.

நீலக்கால்

ஆவணியில் ஒரு நாள், முதல்முறையாக மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். இரவல் மாடுகள் கமலை மேட்டில் ஏறி இறங்கின. வாய்க்காலில் தண்ணீர் ஓடி வந்தது. தொட்டியை அலசிவிடலாம் என்று இவர் மதகைத் திறந்து முதல் தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்கு விட்டார்.

கீழ்த் தொட்டியை நாங்கள் துடைப்பத்தால் கூட்டித்தான் வைத்திருந்தோம். ஆனால் காரை வெடிப்புகளில் காய்ந்து கிடந்த வண்டல் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் பட்டதும் அது கலங்கி எழும்பிற்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டித் தண்ணீர் நீலமாகிவிட்டது.

எங்கள் பிள்ளைகள் இருவர். மதலேனுக்கு ஏழு வயது, ஆரோக்கியம் அவளுக்கு இளையவன். 'வேண்டாம்' என்று நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டும் தொட்டிக்குள் குதித்துவிட்டன. ஒரே கும்மாளம். அந்த நேரம் பார்த்துச் சாலையில் கறுப்புக் குடை தெரிந்தது. இரண்டும் ஈரத்தோடு ஏறி ஓடின.

"அப்பத்தா! எங்க காலப் பாரு! நீலக்காலு! நீலக்காலு!"

அவர்களுக்கு எதுவும் தெரியாது. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள்.

அத்தை கலயத்தைச் சாலையில் வைத்தார். குடை கையிலிருந்து நழுவி விழுந்தது. மதிலைத் தாண்டினார். விறுவிறுவென்று வந்து, ஆளுக்கொரு கையாகப் பிள்ளைகளைப் பிடித்தார்.

"யாரு ஒங்கள எறங்கச் சொன்னது? யாரு சொன்னது?"

தரதரவென்று இழுத்துப் போனார். கிடைத்த தண்ணீர் அதுதான். அந்தத் தொட்டிக்குள்ளேயே இறங்கினார். கிடந்த தேங்காய் நாரை எடுத்து மதலேன் காலைப் பரபரவென்று தேய்த்தார். நானும் இவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். முனியன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மாடுகூட நின்றுவிட்டது.

தேய்க்கத் தேய்க்க அந்தத் தண்ணீரே மறுபடியும் காலில் ஏறியது. அத்தைக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது.

"வுடு அப்பத்தா, வலிக்குது" என்றாள் மதலேன். "நல்லாத்தானே இருக்கு? மாதா முக்காடு இந்தக் கலருதானே?"

அத்தையின் கை நின்றது.

குழந்தையின் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். முழங்கால்வரை நீலம். வெள்ளைச் சேலையின் கரையெல்லாம் நீலம். தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. கிட்டே போனால் சிரிக்கிறார். சத்தமே இல்லாத சிரிப்பு, பிறகு சத்தத்தோடு. "மாதா முக்காடாம்ல!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எங்காத்தா இதக் கேக்கலியே! எங்காத்தா இருந்து இதக் கேக்கலியே!"

பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தன. இவர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

கோடி அறை

"வந்தது வந்துட்டேன். காட்டு, பாப்போம்" என்றார் அத்தை.

சுற்றிக் காட்டினேன். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். பித்தளைக் குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை, மேல் தொட்டி இன்னும் நிரம்பவில்லை. "நல்ல கொழாய்டா!" என்று மகனைக் கிண்டல் செய்தார். கூடத்துச் சுவரில் கை வைத்து நடந்தார். கோடியில், சுண்ணாம்பு மூட்டை போட்டு வைத்திருந்த சின்ன அறை வாசலில் நின்றுவிட்டார்.

"இதுக்குள்ள நாங்க வந்ததே இல்ல" என்றார்.

இருட்டான அறை. ஒரே ஒரு ஜன்னல், ஒரு முறம் அளவுகூட இல்லை.

"வெளியில அந்த ஜன்னலுக்கிட்ட நின்னுதான் எங்காத்தா கூலி வாங்குவா. நான் அவ சேலையப் புடிச்சிட்டு நிப்பேன். உள்ள ஒருத்தன் உக்காந்திருப்பான். கையி மட்டுந்தான் தெரியும். மூஞ்சிய ஒரு நாளும் பாத்ததில்ல."

உள்ளே போய் மூட்டைமேல் உட்கார்ந்தார். "நீ வெளியில போயி நில்லு புள்ள. கைய நீட்டு."

நான் சுற்றிப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்று கையை நீட்டினேன்.

"அவனுக்கும் கையி மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும்" என்றது உள்ளேயிருந்து குரல். பிறகு ஊரே கேட்கும்படி: "சவரி! கடப்பாரைய எடுத்துட்டு வா. இந்த ஜன்னல இடி!"

முனியன் ஓடிவந்தார். "எம்மாம் பெருசா வேணுங்க ஆத்தா?"

அத்தை இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். போதாதென்று பட்டிருக்க வேண்டும். ஓர் அடி தள்ளி நின்று மறுபடியும் விரித்தார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் குடிபோவதென்று பேசிக்கொண்டிருந்தோம். பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு, ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க நாள் கேட்க வேண்டும், கதவு மாட்ட வேண்டும், பாதிக் கூடத்துக்கு ஓடு வர வேண்டும். ஒரு நாள் காலையில் நாங்கள் வேலைக்குப் போனபோது, கோடி அறையில் பாய் விரித்திருந்தது. சுவரில் மாதா படம். புதிய ஜன்னல் வழியே வந்த வெயிலில் அத்தை கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, இன்னும் வூடு முடியலியே!" என்றார் இவர்.

"நீங்க முடிக்கிறப்ப முடிங்க" என்றார் அத்தை. "நான் வந்துட்டேன்."